கோழியின் கட்டியும் செல்லின் கட்டளையும் – அத்தியாயம் 23

நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் 18-ஆவது வாரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அதுவரை தீவனம் தின்று வளர்ந்த பெட்டை, அதன்பின் முட்டையிட வேண்டிய கோழி. அந்த வாரத்தையொட்டிக் கொட்டகையில் விளக்கு எரியும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். பகல் வெளிச்சமும் விளக்கும் சேர்ந்து நாளைக்கு 16 மணி நேரம்வரை போய் நிற்கும். வெளிச்சம் குறைந்தால் முட்டை குறையும் என்பது கூண்டுக்குத் தீவனம் போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

அந்த வெளிச்சம் கோழிக்குள் என்ன செய்கிறது? மூளை அதை உணர்ந்து பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்புகிறது. பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அந்த ஹார்மோன் இரத்தத்தோடு ஈரலுக்குப் போனால் மஞ்சள் கருவுக்கான புரதம் உருவாகிறது. கருக்குழாய்க்குப் போனால் வெள்ளைக் கருவுக்கான புரதம் உருவாகிறது. வெள்ளைக் கருவின் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின் என்ற ஒன்றே. முட்டைக்குச் சுமார் 6 கிராம் புரதம் கட்டும் இந்த உடம்புக்கு, கட்டளை வெளியிலிருந்து ஒளியாக வருகிறது. 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் அமெரிக்காவில் பெர்ட் ஓ'மேலி, கோழிக்குஞ்சுகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்து இதைத்தான் ஆராய்ந்தார். ஹார்மோன் போய்ச் சேர்ந்ததும் கருக்குழாய்ச் செல்களில் ஓவால்புமினுக்கான தூது ஆர்.என்.ஏ. பெருகுகிறது, அதைப் படித்து ரைபோசோம்கள் புரதம் செய்கின்றன என்று அவருடைய குழு காட்டியது. எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை செல்லுக்கு வெளியிலிருந்து வரும் ஒரு சேதி தீர்மானிக்க முடியும் என்பதற்குத் தெளிவான சாட்சி சொன்ன உயிர்களில் முட்டைக்கோழியும் ஒன்று.

நாமக்கல் இன்னும் சேலம் மாவட்டத்தோடு இருந்த நாட்களில், 1970-களிலிருந்து இந்த வறண்ட சமவெளியில் பண்ணைகள் எப்படிப் பெருகின, 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு எப்படி வந்தது என்பதையெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இந்த அத்தியாயத்தில் கோழியின் இன்னொரு வரலாறு. புற்றுநோய்ச் செல்லுக்குள் வளர்ச்சிக் கட்டளை எப்படிப் பயணம் செய்து புரத உற்பத்தியை எட்டுகிறது என்ற பாடத்தின் பெரும்பகுதியை உலகம் கோழியிடம்தான் கற்றது. முட்டையின் அன்றாட விலை அறிவிப்பில் மட்டுமே கோழியைச் சந்திக்கும் நமக்கு இந்த வரலாறு சொல்லப்படவே இல்லை என்பது என் நெடுநாள் குறை.

கோழிக்கே புற்றுநோய் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. நன்றாகவே வரும். முட்டைக்கோழியை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தால் சினைப்பைப் புற்றுநோய் தானாகவே தோன்றுவது சாதாரணம். 1987-இல் வெளியான ஃப்ரெட்ரிக்சனின் ஆய்வுக்குப் பிறகு, பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள வயதான முட்டைக்கோழி முக்கியமான துணையாகிவிட்டது. ஏறக்குறைய நாள்தோறும் சினை முட்டை வெடித்து வெளியேறுவதும், காயம் ஆறுவதும், மறுபடி வெடிப்பதும் இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். அந்தக் கட்டிகளுக்குள் ஓவால்புமின் இருப்பதையும் பின்னர் கண்டார்கள். கருக்குழாய் செய்ய வேண்டிய புரதத்தை, சினைப்பையில் முளைத்த கட்டி செய்துகொண்டிருக்கிறது! நம் பண்ணைகளில் கோழி அந்த வயதுவரை இருப்பதில்லை. முட்டை விகிதம் இறங்கியதும் கறிக்குப் போய்விடும். அதனால் இந்த நோயை நாமக்கல்லில் யாரும் பெரிதாகப் பார்த்ததில்லை.

பார்த்தது வேறொன்றை. அதற்கு முன் நியூயார்க்குக்குப் போய்வர வேண்டும்.

*

1909-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு பிளிமத் ராக் கோழி வந்து சேர்ந்தது. அதன் மார்பில் பெரிய கட்டி. அதைப் பரிசோதித்தவர் பெய்டன் ரௌஸ், அப்போது முப்பதை எட்டும் வயது. கட்டியில் ஒரு துண்டை எடுத்து அதே இனக் கோழிகளுக்குள் வைத்தார். சிலவற்றில் கட்டி வளர்ந்தது. இது வரை பெரிய அதிசயம் இல்லை. அடுத்து அவர் செய்ததுதான் வரலாறு. கட்டியை அரைத்து, செல்லோ பாக்டீரியாவோ தாண்ட முடியாத நுண்வடிகட்டியில் வடித்து, வெறும் சாற்றை மட்டும் கோழிக்குச் செலுத்தினார். செல்லே இல்லாத அந்தச் சாறும் கட்டியை உண்டாக்கியது. 1911-இல் இதை வெளியிட்டார்.

நம்பியவர்கள் குறைவு. புற்றுநோய் தொற்றும் கிருமியால் வருவதாகச் சொன்னால் அன்றைய மருத்துவ உலகம் எப்படி ஏற்கும்? கோழிக்கு வருவது கோழிக்கே உரிய வினோதம், மனிதனுக்கு அதில் பாடம் இல்லை என்று ஒதுக்கினார்கள். பாலூட்டிகளில் அப்படிப்பட்ட கிருமியைத் தேடிய ரௌஸுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த வேலையை விட்டுவிட்டு இரத்தம், பித்தம் என்று வேறு பக்கம் போனார். அவருக்கு நோபல் பரிசு வந்தது 1966-இல், 87 வயதில். கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல். அந்தக் காலம் முழுக்கக் கோழிகளை வைத்து விடாமல் வேலை செய்த பலரின் பெயர்கூட இன்று வெளியே தெரியாது.

ரௌஸுக்கு முன்பே, 1908-இல் கோபன்ஹேகனில் எல்லர்மனும் பாங்கும் கோழிகளின் இரத்தப் புற்றுநோய் இப்படிச் சாற்றால் பரவுவதைக் காட்டியிருந்தார்கள். அதற்கும் ஓராண்டு முன்னால், 1907-இல், புடாபெஸ்டில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை மருத்துவர் கால் விளங்காமல் போன சேவல்களைப் பற்றி எழுதினார். நாமக்கல் பண்ணைகள் நன்கு அறிந்த பெயர் இவருடையதுதான். மாரெக் நோய் வந்த கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் தொடை நரம்பு தடித்திருக்கும். ஈரல், மண்ணீரல், சினைப்பை எங்கும் கட்டிகள். அவை புற்றாக மாறிய வெள்ளணுக்கள். 1967-இல் இங்கிலாந்தில் சர்ச்சிலும் பிக்ஸும் இதற்குக் காரணம் ஒரு ஹெர்பிஸ் வகை வைரஸ் என்று நிறுவினார்கள். இறகின் தூசியோடு காற்றில் பரவுகிற வைரஸ் அது. மனிதரைத் தாக்குவதில்லை.

சில ஆண்டுகளிலேயே தடுப்பூசியும் வந்துவிட்டது. வான்கோழியில் தீங்கில்லாமல் வாழும் உறவுக்கார வைரஸ் ஒன்றைக் கோழிக்குஞ்சுக்குக் கொடுத்தால் மாரெக் கட்டி வருவதில்லை. புற்றுநோய் ஒன்றைத் தடுக்கப் பரவலாகப் பயன்பட்ட முதல் தடுப்பூசி என்ற இடம் இதற்குத்தான். நாமக்கல்லுக்கு வரும் முட்டைக்கோழிக் குஞ்சு, பொரிப்பகத்திலிருந்து வெளியேறும் முதல் நாளிலேயே கழுத்தின் பின்புறம் தோலுக்கடியில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. ஊசி மருந்து திரவ நைட்ரஜனில் உறைந்து வருவது. வெளியே எடுத்தபின் காலம் கடத்தினால் பயனில்லை. இந்தச் சமவெளியின் பண்ணைத் தொழிலே இந்த ஊசியின் மேல்தான் நிற்கிறது என்றால் மிகையில்லை. 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, இறந்த கோழிகளை அறுத்துப் பார்த்துக் கண்டதைப் பண்ணையாளர்களுக்கு வானிலை அறிவிப்போடு சேர்த்துச் சொல்லிவருகிறது. ஒரு பறவை இனத்தின் நோய்களை இப்படி இடைவிடாமல் கவனிக்கும் ஊர்கள் அதிகம் இருக்காது.

*

ரௌஸின் வைரஸ் கோழிச் செல்லுக்குள் போய் என்னதான் செய்கிறது? இந்தக் கேள்வி 1950-களின் இறுதியில் மறுபடி உயிர்பெற்றது. 1958-இல் ஹோவர்ட் டெமினும் ஹாரி ரூபினும் கோழிக்கருவின் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து அதன்மேல் இந்த வைரஸைத் தெளித்தார்கள். சில நாட்களில் ஆங்காங்கே செல்கள் உருண்டு திரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கோழியைக் கொல்லாமல், தட்டிலேயே புற்றை எண்ண முடிந்தது. கோழிக்கருவின் செல் மலிவு, எங்கும் கிடைப்பது, சோதனைக்கு ஒத்துழைப்பது. அடுத்த 40 ஆண்டுகள் அது புற்றுநோய் ஆய்வின் உழைப்பாளியாகிவிட்டது.

அந்த வைரஸில் புற்றை உண்டாக்கும் மரபணு ஒன்றே ஒன்று என்பது 1970-ஐ ஒட்டித் தெளிவானது. அதற்கு சார்க் என்று பெயர். 1976-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் டொமினிக் ஸ்டெலின், ஹரால்ட் வார்மஸ், மைக்கேல் பிஷப், அவர்களோடு பீட்டர் வோக்ட் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. சார்க் மரபணு வைரஸுக்குச் சொந்தமானதே அல்ல. நோயில்லாத கோழியின் டி.என்.ஏ.விலும் அது இருந்தது. வாத்து, காடை, வான்கோழி, ஈமு என்று மற்றப் பறவைகளிலும் இருந்தது. பின்னர் மனிதரிலும் கண்டார்கள். என்றோ ஒரு நாள் வைரஸ் கோழியிடமிருந்து அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. புற்றுநோயின் விதை வெளியிலிருந்து வருவதில்லை, வளர்ச்சிக்கென்று நமக்குள் இருக்கும் மரபணுதான் கெட்டுப்போகிறது என்ற இன்றைய அறிவின் வேர் இங்கே இருக்கிறது. பிஷப்புக்கும் வார்மஸுக்கும் 1989-இல் நோபல் கிடைத்தது.

சார்க் செய்யும் புரதம் என்ன வேலை பார்க்கிறது? ரே எரிக்சனின் ஆய்வகத்தில் 1977-இல் ஜோன் புருகி அந்தப் புரதத்தைப் பிடித்தார். அடுத்த ஆண்டு மார்க் கொலெட்டும் எரிக்சனும் அது ஒரு கைனேஸ் என்றார்கள். அதாவது மற்றப் புரதங்களின்மேல் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி. பாஸ்பேட் ஒட்டியதும் ஒரு புரதத்தின் வடிவம் மாறும், வேலை தொடங்கும் அல்லது நிற்கும். செல்லுக்குள் சேதி பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகிறது. 1979-இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிலையத்தில் டோனி ஹன்டர் வேறொரு கட்டி வைரஸின் புரதத்தை ஆராயும்போது, புதிதாகக் கலக்காத பழைய கரைசலைப் பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மை மாறியிருந்ததால், வழக்கமாக ஒன்றாய்க் கலந்து தெரியும் இரண்டு பொருள்கள் தனித்தனியாகப் பிரிந்தன. பாஸ்பேட் ஒட்டியிருந்தது டைரோசின் என்ற அமினோ அமிலத்தில். அதுவரை யாரும் எதிர்பார்க்காத இடம் அது. சார்க்கும் அதையே செய்கிறது என்பது விரைவில் உறுதியானது. மனிதருக்கு இப்படிப்பட்ட டைரோசின் கைனேஸ்கள் 90 இருப்பதாக இன்று எண்ணியிருக்கிறார்கள். இன்றைய புற்றுநோய் மாத்திரைகளில் பல இவற்றைக் குறிவைப்பவை.

நல்ல கோழியின் சார்க்குக்கும் வைரஸின் சார்க்குக்கும் என்ன வேறுபாடு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நல்ல சார்க் புரதத்துக்கு ஒரு வால் உண்டு. அந்த வாலில் ஒரு டைரோசின். அதில் பாஸ்பேட் ஏறினால் வால் மடங்கிப் புரதத்தையே பூட்டிவிடும். வெளியிலிருந்து வளர்ச்சிச் சேதி வந்தால் பூட்டு திறக்கும், சேதி ஓய்ந்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். வைரஸின் சார்க்குக்கு அந்த வால் நுனி இல்லை. திறந்தது திறந்தபடியே கிடக்கிறது.

*

சரி, கட்டளை கொடுத்தாயிற்று. வளர வேண்டிய செல்லுக்குப் பொருள் வேண்டாமா? ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் தன் புரதத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். புரதம் செய்வது ரைபோசோம். அங்கே கட்டளை எப்படிப் போய்ச் சேர்கிறது?

முதல் தடயம் மறுபடியும் கோழிச் செல்லில்தான். ரௌஸ் வைரஸ் பிடித்த கோழிச் செல்களில், ரைபோசோமின் எஸ்6 என்ற புரதத்தில் பாஸ்பேட் மிகுந்திருப்பதை 1981-இல் ஸ்டூவர்ட் டெக்கர் வெளியிட்டார். 1985-இல் ஜான் பிளெனிஸும் எரிக்சனும் அந்தப் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியைக் கோழிச் செல்களில் தொடர்ந்து போனார்கள். எஸ்6 கைனேஸ் என்று இன்று சொல்வது அதன் வழிவந்தது. ஆனால் சார்க்குக்கும் ரைபோசோமுக்கும் நடுவே யார் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. அதைத் திறந்துவிட்ட சாவி வந்த வழி வியப்பானது. அந்தக் கதையில் ஓர் இந்தியரின் பெயர் நடுநாயகமாக இருக்கிறது.

சுரேந்திர நாத் சேகல் 1932-இல் இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஷாபில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படித்து, பிரிஸ்டலில் முனைவர் பட்டம் பெற்று, கனடாவின் மான்ட்ரியலில் அயர்ஸ்ட் என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1964-இல் கனடா மருத்துவக் குழு ஒன்று பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவுக்குப் போய் மண் எடுத்து வந்தது. அந்த மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா காளானைக் கொல்லும் பொருள் ஒன்றைச் சுரந்தது. சேகலும் உடன்பணியாளர்களும் அதைப் பிரித்தெடுத்து, ராபமைசின் என்று 1975-இல் உலகுக்கு அறிவித்தார்கள். அது உடலின் நோய் எதிர்ப்பை அடக்குவதும் தெரிந்தது. சேகல் அதன் மாதிரியை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துக்கு அனுப்பினார்; அங்கே கட்டிகளின் வளர்ச்சியை அது மந்தப்படுத்துவதைக் கண்டார்கள்.

1980-களின் தொடக்கத்தில் நிறுவனம் மான்ட்ரியல் ஆய்வகத்தை மூடியது. ராபமைசின் வேலையும் நின்றது. சேகல் அதை விடவில்லை. கடைசியாக ஒரு தொகுதி தயாரித்து, வீட்டு உறைபெட்டியில் வைத்துக்கொண்டார். குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது அதையும் உறைந்த நிலையிலேயே கொண்டுபோனார். சில ஆண்டுகளில் நிறுவனம் வேறொன்றோடு இணைந்தது. புதிய நிர்வாகத்திடம் வாதாடி வேலையை மீண்டும் தொடங்கவைத்தார். 1999-இல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அமெரிக்கா அதை ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டு அவருக்கே குடலில் புற்றுநோய், பரவிய நிலையில் தெரியவந்தது. தன் மருந்தைத் தானே எடுத்துக்கொண்டார். 2003 ஜனவரியில் இறந்தார். ஒருவருடைய அனுபவம் மருத்துவச் சான்று ஆகாது. ஆனால் ஒரு பொருளின் மதிப்பை இருபத்தைந்து ஆண்டுகள் தனியே நம்பிக் காத்த மனிதரை நம் பள்ளிப் பாடநூல்கள் அறிமுகப்படுத்தவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ராபமைசின் செல்லுக்குள் எதைத் தடுக்கிறது? 1991-இல் சுவிட்சர்லாந்தின் பாசெலில் ஜோசப் ஹைட்மன், ராவ் மொவ்வா, மைக்கேல் ஹால் மூவரும் ஈஸ்டில் அதன் இலக்கைக் கண்டு டார் என்றார்கள். 1992-இல் பிளெனிஸ் குழு, ராபமைசின் கொடுத்தால் எஸ்6 கைனேஸ் அப்படியே ஓய்ந்துபோவதைக் காட்டியது. 1994-இல் பாலூட்டிகளிலும் அந்த இலக்கு கிடைத்தது. இன்று அதற்கு எம்டார் என்று பெயர். அதுவும் ஒரு கைனேஸ்தான், ஆனால் பெரியது, பல சேதிகள் வந்து கூடும் இடத்தில் அமர்ந்திருப்பது.

மேட்டூர் அணையின் மதகு திறந்தால் மட்டும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது. நடுவிலிருக்கும் ஒவ்வொரு மடையும் முறையாகத் திறக்க வேண்டும், வயல் நிறைந்ததும் அடைக்கவும் வேண்டும். செல்லிலும் இதுவே நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோனோ இன்சுலினோ செல்லின் மேற்பரப்பைத் தொட்டதும் பிஐ-3 கைனேஸ் விழிக்கிறது. அது செல் சவ்வின் கொழுப்பு ஒன்றில் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அங்கே ஏகேடி என்ற புரதம் வந்து சேர்ந்து தூண்டப்படுகிறது. ஏகேடி ஒரு தடையை விலக்க, எம்டார் இயங்குகிறது. பிடென் என்ற புரதம் அந்தக் கொழுப்பின் பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டு மடையை அடைக்கும். பல கட்டிகளில் பிடென் தொலைந்துபோயிருக்கிறது; அடைக்க ஆளில்லாமல் வெள்ளம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எம்டார் விழித்தபின் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரைபோசோம் படிக்கவேண்டிய தூது ஆர்.என்.ஏ.வின் முன்முனையில் தொப்பி என்று அழைக்கப்படும் ஓர் அமைப்பு உண்டு. அதைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை 1978-இல் நேஹம் சோனன்பெர்க் அடையாளம் கண்டார். ஆய்வகப் பேச்சில் அதற்கு ஃபோர்-ஈ என்று பெயர். ஃபோர்-ஈ தொப்பியைப் பற்றினால்தான் மற்றப் புரதங்கள் கூடி, ரைபோசோமை அங்கே அழைத்துவரும். சும்மா இருக்கும் செல்லில் ஒரு காவல் புரதம் ஃபோர்-ஈயைக் கட்டிப் பிடித்திருக்கும். எம்டார் அந்தக் காவல் புரதத்தின்மேல் பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. அது பிடியை விடுகிறது. ஃபோர்-ஈ விடுதலையாகி ஆர்.என்.ஏ.வைப் பற்றுகிறது.

இதில் எல்லா ஆர்.என்.ஏ.வுக்கும் ஒரே பயன் இல்லை என்பதுதான் புற்றுநோய்க்கு முக்கியம். சாதாரணப் புரதங்களுக்கான ஆர்.என்.ஏ.க்கள் ஃபோர்-ஈ குறைவாக இருந்தாலும் சமாளிக்கும். முன்பகுதி நீண்டு சிக்கலாய் மடிந்திருக்கும் சில ஆர்.என்.ஏ.க்களுக்குத்தான் ஃபோர்-ஈ நிறைய வேண்டும். செல் பிரிவைத் தொடக்கும் சைக்ளின், புது இரத்தக் குழாய்களை வரவழைக்கும் புரதம், செல்லைச் சாகவிடாமல் காக்கும் புரதம், மிக் என்ற புரதம் எல்லாம் இந்த வகை. 1990-இல் சோனன்பெர்க் குழு ஃபோர்-ஈயை மட்டும் மிகுதியாக்கிப் பார்த்தது. அது ஒன்றே எலிச் செல்களைப் புற்றுத்தன்மைக்கு மாற்றப் போதுமானதாக இருந்தது. புரத உற்பத்தி என்பது புற்றுக்குப் பின்னால் ஓடிவரும் வேலையாள் என்று நினைத்திருந்தவர்கள் திகைத்தார்கள்.

மிக் என்றேனே, அந்த மரபணுவும் முதலில் கிடைத்தது ஒரு கோழி வைரஸிலிருந்துதான். ரைபோசோம்களையே அதிகமாகச் செய்யவைப்பது மிக்கின் வேலைகளில் ஒன்று. 1981-இல் ஹேவர்டும் நீலும் ஆஸ்ட்ரினும், கோழியின் இன்னொரு வைரஸ் தன் டி.என்.ஏ.வை மிக்குக்குப் பக்கத்தில் செருகி அதைத் தூண்டிவிடுவதால்தான் நிணநீர்க் கட்டி வருகிறது என்று காட்டினார்கள்.

1997-இல் பீட்டர் வோக்டின் ஆய்வகம் மற்றொரு கோழிக் கட்டி வைரஸுக்குள் பிஐ-3 கைனேஸின் மரபணுவையே கண்டெடுத்தது. 2001-இல் அதே ஆய்வகம், பிஐ-3 கைனேஸாலும் ஏகேடியாலும் புற்றாகும் கோழிச் செல்களை ராபமைசின் தடுத்துவிடுவதைக் காட்டியது. மடைகளின் வரிசை இப்போது கண்முன் தெரிந்தது. 2004-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மனிதக் கட்டிகளின் மரபணுக்களைப் படித்தபோது, குடல், மார்பகம் உள்ளிட்ட பல புற்றுநோய்களில் அதே பிஐ-3 கைனேஸ் மரபணு பழுதாகியிருந்தது; பழுது சில குறிப்பிட்ட இடங்களிலேயே குவிந்திருந்தது. ரௌஸின் காலத்தில் கோழிக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கியவர்களுக்கு 93 ஆண்டுகள் கழித்து வந்த பதில் இது.

ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக 2009-இல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். அவர் பரிசு பெற்றது பாக்டீரியாவின் ரைபோசோமுக்காக. அதன்பின் அவருடைய கேம்பிரிட்ஜ் குழு மனித ரைபோசோமுக்குத் திரும்பியது. ஃபோர்-ஈயும் அதன் கூட்டாளிகளும் தூது ஆர்.என்.ஏ.வோடு ரைபோசோமின்மேல் எங்கே அமர்கிறார்கள் என்பதை 2020-இல் படமாகவே காட்டியது. சார்க்கில் தொடங்கிய சேதி போய்ச் சேரும் கடைசி இடம் அந்தப் படத்தில் இருக்கிறது.

எம்டாருக்கு ஹார்மோன் சேதி மட்டும் போதாது. கட்டுவதற்கு அமினோ அமிலம் இருக்கிறதா என்றும் அது பார்க்கும். குறிப்பாக லியூசின். முட்டைப் புரதத்தில் லியூசின் தாராளம். 1989-இலிருந்து தமிழ்நாட்டுச் சத்துணவில் சேர்ந்த முட்டை, பள்ளிப் பிள்ளையின் தசையில் இதே எம்டாரைத்தான் எழுப்புகிறது. இதைப் படித்துவிட்டு முட்டை புற்றை வளர்க்கும் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நல்ல செல்லில் சேதி ஓய்ந்தால் எம்டார் ஓயும். கெட்ட செல்லில் கெட்டுப்போயிருப்பது அந்த ஓய்வு.

*

சாவி கிடைத்ததும் மருந்து எளிதாக வந்துவிட்டதா? ராபமைசினின் வழித்தோன்றல்களான டெம்சிரோலிமஸ் 2007-இலும் எவரோலிமஸ் 2009-இலும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2012-இல் எவரோலிமஸ் ஒருவகை மார்பகப் புற்றுநோய்க்கும் வந்தது. பயன் உண்டு, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. காரணம் செல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. எஸ்6 கைனேஸ் வழக்கமாக மேலிருக்கும் மடைகளைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். எம்டாரைத் தடுத்தால் அந்த அடக்குமுறையும் போய்விடுகிறது. ஏகேடி முன்னைவிட வேகமாக இயங்கத் தொடங்குகிறது. காவல் புரதத்தையும் ராபமைசினால் முழுமையாக மீட்க முடிவதில்லை. அதனால் இப்போது இரண்டு மூன்று இடங்களில் சேர்த்துத் தடுக்கப் பார்க்கிறார்கள். பழுதான பிஐ-3 கைனேஸைத் தடுக்கும் ஆல்பெலிசிப் 2019-இல் வந்தது.

சார்க் வழிவந்த அறிவு மிகத் தெளிவாக வென்ற இடம் நாள்பட்ட இரத்தப் புற்றுநோய். அங்கே ஆபெல் என்ற டைரோசின் கைனேஸ் வேறொரு மரபணுவோடு ஒட்டி ஓயாமல் இயங்குகிறது. அதை நிறுத்தும் இமாடினிப், 2001-இல் கிளிவெக் என்ற பெயரில் வந்தது. சாவு நிச்சயம் என்றிருந்தவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஆனால் அன்று அதன் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். சேலத்திலோ ராசிபுரத்திலோ தறி ஓட்டிய ஒருவருக்கு அது எட்டாத மருந்தாக இருந்தது.

இந்த மருந்தின் காப்புரிமை வழக்கு நம் மாநிலத்திலேயே தொடங்கியது. நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்த்தன. தெரிந்த மருந்தின் புது வடிவம் என்றால் கூடுதல் மருத்துவப் பயனைக் காட்ட வேண்டும் என்ற 3(டி) பிரிவைச் சொல்லி 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தப் பிரிவே செல்லாது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. மேல்முறையீடு தில்லிக்குப் போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாக மறுத்தது. இந்தியாவில் செய்யப்பட்ட அதே மருந்து மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த வழி அடைபடாமல் நின்றது. ஆய்வகத்துக்கு நிகராக நீதிமன்றமும் இந்த வரலாற்றில் ஒரு பகுதி என்று நான் கருதுகிறேன்.

இன்னும் ஒரு தேவை பாக்கி. எந்த மடை உடைந்திருக்கிறது என்று தெரியாமல் இந்த மருந்துகள் எதையும் கொடுக்க முடியாது. அதற்குக் கட்டியின் துண்டைச் சோதிக்க வேண்டும். இறந்த கோழியை அன்றே அறுத்துப் பார்த்து நோயின் பெயர் சொல்ல நாமக்கல்லில் ஏற்பாடு இருக்கிறது. மார்பகக் கட்டியோடு வரும் ஒரு தாய்க்கு அவள் கட்டியின் மரபணுப் பழுது என்ன என்று சொல்லும் சோதனையும், சென்னைக்கோ வேலூருக்கோ பஸ் ஏறாமல், மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே செலவில்லாமல் கிடைக்க வேண்டும். இதைக் கேட்கும் உரிமை இந்தச் சமவெளி மக்களுக்கு உண்டு.

அடுத்த அத்தியாயம் 1960-இல் இங்கிலாந்தின் வான்கோழிப் பண்ணைகளில் தொடங்குகிறது. பிரேசிலிலிருந்து போன கடலைப் பிண்ணாக்கைத் தின்று அவை கூட்டம் கூட்டமாகச் செத்தன. பிண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சையின் நஞ்சு ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று தெரிந்ததும், சேலம், நாமக்கல் தீவன ஆலைகளில் மக்காச்சோளத்தையும் பிண்ணாக்கையும் சோதித்துப் பார்க்கும் வழக்கம் வந்ததும் அதன் தொடர்ச்சி.

(தொடரும்)